அசீனா எடுத்த அறுபத்தைந்து இஞ்ச்

“இது வேண்டாம்க்கா. உங்களுக்குச் சரிப்பட்டு வராது,” என்றான் பெலிக்ஸ்.

அசீனா அப்போதுதான் அந்த டிவிக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். விலை கேட்கவில்லை, தொட்டுப் பார்க்கவில்லை, வாயைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் சரிப்பட்டு வராதாம்!

“ஏன் வராது?”

“அறுபத்தஞ்சு இஞ்ச்க்கா. அதுவும் சாதா டிவி கிடையாது. வைஃபை, நெட்வொர்க்கு எல்லாம் உண்டு. வீட்டுல உள்ள போனு, லேப்டாப்பு, கேமரா அம்புட்டையும் இதோட சேத்துக்கிடலாம். உங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை? அந்தா, அந்த முப்பத்திரண்டு இஞ்ச்சைப் பாருங்க. அடக்கமா, லட்சணமா இருக்கும்.”

“அடக்கமா இருக்கதுக்குத்தான் நான் இருக்கேனே. டிவியும் எதுக்கு?” என்றாள் அசீனா.

கடை இருந்தது ராஜபாளையத்தில், பஞ்சு மார்க்கெட் பக்கம், ஒரு மாடியில். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி டிவி வாங்க இங்கே எதற்கு வர வேண்டும்? அங்கே கடை இல்லையா? இருக்கிறது. ஆனால் அங்கே எந்தக் கடைப் படியில் அசீனா கால் வைத்தாலும், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் நாத்தனார் சபுராவுக்குப் போன் போய்விடும்.

சபுரா, அசீனாவின் கணவர் அசன் முகம்மதுவுக்கு அக்கா. எதிர் வீட்டிலேயே குடியிருக்கிறாள். அசீனா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் நுழைந்த சாமான் ஒவ்வொன்றும் சபுரா தேர்ந்தெடுத்ததுதான். பீரோ அவள் எடுத்தது. கட்டில் அவள் எடுத்தது. வாசல் கேட்டுக்கு அடித்திருக்கும் கண்ணைக் குத்துகிற பச்சை பெயிண்டும் அவள் சொன்னதுதான். கொடுமையைக் கேளுங்கள், அசீனா பெற்ற பிள்ளைக்கு ஆபித் என்று பெயர் வைத்ததும் அவள்தான். சுமந்து பெற்றவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அசன் முகம்மது தங்கமான மனிதர். பாத்திரக்கடை வைத்திருக்கிறார், ஒருவரிடம் கடுத்துப் பேசத் தெரியாது. ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரே பாட்டுதான். “எதுக்கும் அக்காட்ட கேட்டுக்கிடுவோமே.” குடை எடுத்துக்கொண்டு போகலாமா என்று வானத்தைப் பார்க்காமல் எதிர் வீட்டைப் பார்க்கிற ரகம் அவர்.

போன வாரம் பழைய டிவி புகைந்து கண்ணை மூடியபோது அவர் வழக்கம்போல அந்தப் பாட்டை ஆரம்பித்தார். அசீனாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

“ஒரு பேச்சும் வேண்டாம் மச்சான். இந்த டிவியை நான் எடுக்கேன். நான் மட்டும். கூட ஒருத்தரும் வரப்பிடாது. இல்லையா, இந்த வீட்டுல டிவியே வேண்டாம். வெறுஞ்செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருங்க!”

சபுரா அப்போது வாசலில்தான் நின்று கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

“தாராளமா எடு தாயி. ஆனா ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டு மாடிக்கடைக்கு மட்டும் போயிராதே. அங்க உனக்குக் கட்டாது,” என்றாள்.

கேட்கவா வேண்டும்! இன்றைக்குக் காலையில் வந்த முதல் ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் அசீனா இருந்தாள்.

இன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினாலும் போச்சு, தப்பான டிவியைக் கொண்டுபோய் இறக்கினாலும் போச்சு. அப்புறம் ஆயுசுக்கும் அந்த வீட்டில் ஓர் உப்பு ஜாடி வாங்கக்கூட அவள் வாய் திறக்க முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பெலிக்ஸ் முப்பத்திரண்டு இஞ்ச்சைக் காட்டியபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கூட ஆம்பளையாளு யாரும் வந்திருக்காவளாக்கா?” என்று வேறு கேட்டுத் தொலைத்தான்.

“எதுக்கு? டிவியத் தூக்கதுக்கா? அதுக்கு உங்க வேன் இருக்குல்லா?”

“அதுக்கில்லக்கா, இந்த நெட்வொர்க்கு விவரமெல்லாம் சொல்லணும்…”

“எனக்குச் சொல்லு. இல்ல, வேண்டாம், நானே சொல்லுதேன். கேட்டுக்கோ.”

கோயம்புத்தூரில் படிக்கும் ஆபித் போனில் சொல்லிக் கொடுத்திருந்ததைப் பஸ் முழுக்க வாய்க்குள்ளேயே ஓதிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது மூச்சு விடாமல் கொட்டினாள். “போன்ல ஓடுறது டிவில வரணும். எம்புள்ள லேப்டாப்புல வச்சிருக்க போட்டோவெல்லாம் வயர் இல்லாம இதுல தெரியணும். வீட்டு வைஃபைல இருக்கது எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடணும். எங்க வீட்டுக்காரர் கடையில கேமரா மாட்டியிருக்காவ, அதுவும் இதுல தெரியணும்.”

கடைசியாகச் சொன்னது மட்டும் ஆபித் சொன்னதல்ல, அவளாகச் சேர்த்துக்கொண்டது. சபுரா ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடைக்குப் போய்த் தம்பி காதில் ஓதுகிறாள் என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு நெடுநாளாக உண்டு.

பெலிக்ஸ் தலையைச் சொறிந்தான். “அதெல்லாம் இதுல இருக்குக்கா. ஆனா வேண்டாம். குழப்பம்.”

“இருக்குல்லா? அப்பப் போட்டுக் காட்டு.”

அவன் அவள் போனை வாங்கி நாலு இடத்தில் தட்டினான். டிவி பளிச்சென்று விழித்தது. அவள் போனில் இருந்த ஆபித்தின் படம் சுவர் அகலத்துக்கு விரிந்து சிரித்தது. அடேயப்பா! பிள்ளையின் தலை அண்டா அளவுக்கு இருந்தது. அசீனாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எடுத்தால் இதுதான்.

“வேண்டாம்க்கா,” என்றான் பெலிக்ஸ் மறுபடியும். “செத்த நேரம் உக்காருங்க, இந்தா வாரேன்.” தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டான்.

அசீனா டிவிக்கு முதுகைக் காட்டி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வ. புதுப்பட்டியில் இருக்கும் தங்கை ஃபஸீலாவிடம் சொல்லாவிட்டால் அவளுக்கு மண்டை வெடித்துவிடும். போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள்.

‘டிவிக் கடையில இருக்கேன். பெலிக்ஸ்னு ஒருத்தன் எதைக் கேட்டாலும் வேண்டாம் வேண்டாம்ங்கான். விளங்காத பய.’

‘நீ அங்க போனது சபுரா மதினிக்குத் தெரியுமா?’ என்று கேட்டாள் ஃபஸீலா.

‘தெரிஞ்சா கூடவே ஒட்டிக்கிட்டு வந்திருப்பாளே. அவ எடுத்த கட்டில்ல படுத்து என் முதுகே போச்சு. அவ எடுத்த ஜன்னல் துணி சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கு.’

யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் அவள் தலைக்கு மேலே அந்தப் பெரிய டிவியையே பார்த்தார்கள். பார்க்கட்டும், பார்க்கட்டும், தன் தேர்வு அப்படி என்று அசீனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் உற்சாகமாகத் தட்டினாள்.

‘இங்க ஒரு அம்மா ரொம்ப நேரமா வாஷிங் மெஷினைத் தட்டித் தட்டிப் பாக்காவ. தேங்கான்னு நினைச்சிட்டாவ போல.’

“தேங்கா இல்லம்மா, மெஷினுன்னு தெரியும்,” என்றது ஒரு குரல்.

அசீனா நிமிர்ந்தாள். வாஷிங் மெஷின் அம்மாள்தான். ராஜபாளையத்து ராஜூக்கள் வீட்டு அம்மாள், காதில் வைரத்தோடு. கையை நீட்டி அவளுக்குப் பின்னால் காட்டினாள்.

அசீனா திரும்பினாள். அறுபத்தைந்து இஞ்ச்சில், எழுத்து ஒவ்வொன்றும் இட்லி அளவுக்கு, அவள் தட்டியது அத்தனையும் நின்று கொண்டிருந்தது. விளங்காத பய. கட்டில். முதுகு. சர்க்கஸ் கூடாரம். தேங்காய்.

“யா அல்லா!” என்று எழுந்தவள், “ஏலே பெலிக்ஸு! இதை நிறுத்து!” என்று கத்தினாள்.

பெலிக்ஸ் ஓடி வந்தான். ரிமோட்டை எடுத்து ஓர் அமுக்கு அமுக்கினான். அந்த டிவியில் எழுத்து மறைந்தது. அசீனா மூச்சு விடுவதற்குள், கடையிலிருந்த மற்ற எல்லா டிவிகளிலும் வந்துவிட்டது! ஒரு விளம்பரம் போட்டால் எல்லாவற்றிலும் ஓடட்டும் என்று கடையில் அத்தனை டிவியையும் ஒரே நெட்வொர்க்கில் கோத்து வைத்திருந்தார்கள். ரோட்டைப் பார்த்துக் கண்ணாடிக்குள் வைத்திருந்த டிவியிலும் சர்க்கஸ் கூடாரம் வந்தது. எதிர்த்த டீக்கடையில் கிளாஸும் கையுமாக நின்றவர்கள் அண்ணாந்து எழுத்துக்கூட்டினார்கள்.

“இன்னொரு பட்டனை அமுக்கு!”

அமுக்கினான். அந்தப் பெரிய டிவியிலும் திரும்ப வந்துவிட்டது.

“நீ தொடாதே, நானே பாக்கேன்!” என்று அசீனா போனைப் பிடித்து அந்தப் பக்கத்தை மூடப் போனாள். பதற்றத்தில் பெருவிரல், ஃபஸீலா அப்போதுதான் அனுப்பியிருந்த குரல் செய்தியில் பட்டுத் தொலைத்தது. கடையிலுள்ள ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்ந்து ஃபஸீலாவின் குரலில் முழங்கின.

“அக்கா! அந்தச் சபுரா மதினிக்குப் பயந்து பயந்துதானே நீ இப்படி ஆயிட்டே! இன்னைக்கு மட்டும் நீ வெறுங்கையோட வந்தே, பொறவு என் மூஞ்சில முழிக்காதே!”

பெலிக்ஸ் சத்தத்தைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்டான். ‘முழிக்காதே’ என்றபோது மேல் தட்டிலிருந்த மிக்ஸி ஜாடிகள் அதிர்ந்தன.

அசீனாவுக்கு முகமெல்லாம் சூடேறியது. ஓடிப் போய் பஸ் ஏறிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கூட்டம் அவளையே பார்த்தது. அப்போதுதான் அவளுக்குள் ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டு நின்றது. எதற்கு ஓட வேண்டும்? திருடினாளா? யார் குடியைக் கெடுத்தாள்?

“ஆமா, நான்தான் எழுதுனேன்,” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. “கட்டில்ல படுத்து முதுகு போனது எனக்கு. அந்த ஜன்னல் துணியத் தினமும் பாக்கது நான். இதுல எது பொய்? அம்மா, உங்களைச் சொன்னதுதான் தப்பு, அதை மன்னிச்சிருங்க. ஏலே, உன்னையச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன். முதல்ல டிவியக் குடு, பொறவு பாக்கலாம்.”

வைரத்தோட்டு அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவரும் இப்படித்தான். எதை எடுத்தாலும் தங்கச்சிட்ட கேக்கணும்பாரு,” என்று பக்கத்தில் நின்ற கணவரைக் காட்டினாள். அவர் மெதுவாக நகர்ந்து ஒரு பிரிட்ஜுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் அலறியது. வீடியோ கால். அசீனா வெட்டிவிடத்தான் விரலை வைத்தாள். அவசரத்தில் அது பச்சையில் பட்டுவிட்டது.

சபுராவின் முகம் வந்தது. ஒரு சபுராவையே தாங்க முடியாது. இப்போது சுவர் முழுக்கச் சபுரா! எழுபத்தைந்து இஞ்ச்சில், ஐம்பத்தைந்தில், நாற்பத்து மூன்றில், ரோட்டைப் பார்த்த டிவியில் என்று பெரிதும் சிறிதுமாக அத்தனை சபுராவும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

“ஏட்டி அசீனா, எங்க நிக்கே?”

“கடையில.”

“எந்தக் கடையில?”

“நீங்க போகாதேன்னு சொன்ன கடையில!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“சரி, போய்த் தொலைஞ்சிட்டே. அதென்ன உனக்குப் பின்னாடி, அம்மாம் பெருசு? ஏட்டி, சொல்லிட்டேன், எதை வேணாலும் எடு, அதை மட்டும் எடுக்காதே. அது நமக்கு ஆகாது.”

சபுராவின் தோளுக்குப் பின்னால் அசன் முகம்மதுவின் பாதி முகம் எட்டிப் பார்த்தது. “அசீனா, எதுக்கும் அக்கா சொல்லுததை…”

“மச்சான், நீங்க பேசாம இருங்க!” அசீனாவின் குரல் ஸ்பீக்கர்களையே மிஞ்சியது. “மதினி, பீரோ நீங்க எடுத்தீய. கட்டில் நீங்க எடுத்தீய. எம்புள்ளைக்குப் பேரு நீங்க வச்சீய. நான் வாயத் தொறந்தேனா? இந்த ஒரு டிவியக்கூட நான் எடுக்கக் கூடாதா? அந்த வீட்டுல நான் யாரு?”

“உன்னைய எடுத்ததே நான்தானட்டி!” என்றார்கள் எல்லா டிவியிலிருந்தும் சபுராக்கள். “எம் தம்பிக்கு ஊர் ஊராப் பொண்ணு பாத்து, வ. புதுப்பட்டில வந்து உன்னைய எடுத்தது யாரு?”

பெலிக்ஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

“அது ஒண்ணுலதான் உங்களுக்குக் கண்ணு இருந்துச்சு,” என்றாள் அசீனா. “அதோட நிறுத்தியிருக்கணும்!”

கைத்தட்டல் கேட்டது. “அவுனம்மா! விடாதே!” என்று வைரத்தோட்டு அம்மாள் தெலுங்கில் ஆமாம் போட்டுக் கத்தினாள். ரோட்டிலிருந்து ஒரு விசில் வந்தது. அசீனா போனையே அணைத்துவிட்டாள். சுவரிலிருந்த சபுராக்கள் மொத்தமாக ஒழிந்தார்கள்.

“பில்லைப் போடு.”

“அக்கா, இன்னொரு தரம் யோசிச்சுப்போட்டு…”

“போடுதியா, பக்கத்துக் கடைக்குப் போகவா?”

பெலிக்ஸ் போட்டான்.

சாயங்காலம் டிவி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தது. வேனின் முன் சீட்டிலிருந்து அசீனா இறங்கி வந்த வரவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெட்டியை இறக்கி வீட்டுக்குள் சாய்த்து வைத்தார்கள். கடையிலிருந்து மாட்டிவிட வந்தவன் பெயர் ஹபீப் ரகுமான். அவன் ஆணிகளை எடுத்துப் பரப்பினான். தெருவே வாசலில் கூடியது.

அசன் முகம்மது பெட்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

“அசீனா, டிவி இந்த ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுலதானே வரணும்? பொருந்துமா? அளந்துட்டுத்தானே போனே?”

அசீனாவுக்குத் திக்கென்றது. அளக்கவில்லை! சண்டைக்கு அத்தனை ஆயத்தம் பண்ணினவள், நெட்வொர்க் விவரத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணினவள், சுவரை அளக்க மறந்து தொலைத்துவிட்டாள். பெட்டியைப் பார்த்தால் ரெண்டு ஜன்னலையும் விழுங்கிவிடும்போல இருந்தது. பொருந்தாமல் போனால் திரும்ப ஏற்றி அனுப்ப வேண்டும், ஊர் சிரிக்கும், அப்புறம் அடுத்த டிவியை யார் எடுப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

“அளக்காமலா வாங்குவாவ?” என்றாள் நெஞ்சை நிமிர்த்தி. உள்ளுக்குள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள்.

சபுரா எதிர் வீட்டிலிருந்து வந்து, தான் எடுத்த நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அசீனா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஹபீப் ரகுமான் நேரே போய்ச் சுவரில் துளை போட ஆரம்பித்துவிட்டான்.

“தம்பி, ஒரு தடவை அளந்து பாத்துட்டு…” என்று அசீனா மெதுவாக இழுத்தாள்.

“தேவையில்லக்கா,” என்றான் அவன்.

அவளுக்குக் கண்ணைத் திறந்து பார்க்கப் பயமாக இருந்தது. அவனும் வேன் டிரைவருமாகச் சேர்ந்து டிவியைத் தூக்கினார்கள். ‘டக்’கென்று மாட்டுகிற சத்தம் கேட்டது. வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருசேர, “அட!” என்றார்கள்.

அசீனா கண்ணைத் திறந்தாள். ரெண்டு ஜன்னலுக்கும் நடுவில், இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை விட்டு, அந்தச் சுவருக்கென்றே செய்ததுபோல டிவி உட்கார்ந்திருந்தது. ஹபீப் ரகுமான் வைஃபையில் சேர்த்துவிட்டதும் கோயம்புத்தூரிலிருந்து ஆபித் வீடியோ காலில் திரை நிறைய வந்து, “உம்மா!” என்று கூப்பிட்டான். அடுத்து, பூட்டிக் கிடந்த பாத்திரக்கடை கேமராவில் குடமும் சட்டியுமாகத் தெரிந்தது.

“கண்ணளவு!” என்றாள் அசீனா. “எல்லாம் என் கண்ணளவு!”

அசன் முகம்மது டிவியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவைப் பார்க்கவில்லை. “இனிமே இந்த வீட்டுக்கு எது வாங்கினாலும் அசீனாதான் எடுக்கா. அவகிட்டதான் கேக்கணும்,” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

அசீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை காலம் அந்தக் கட்டிலில் முதுகு வலியோடு படுத்துக் கிடந்திருப்பாள்! முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை நன்றாக நிமிர்த்திச் சபுராவை நேருக்கு நேர் பார்த்தாள்.

“நல்லாத்தான் எடுத்திருக்கா,” என்று சொல்லிவிட்டுச் சபுரா எழுந்தாள்.

சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த ஹபீப் ரகுமான் சபுராவைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான்: “மாமி, போன வாரம் கடைக்கு வந்து நீங்க குடுத்துட்டுப் போன அளவு இம்மி பிசகல, பாத்தீங்களா? பெலிக்ஸ் அண்ணன் கேக்கச் சொன்னாரு, நீங்க சொன்ன மாதிரியே ‘இது வேண்டாம், வேண்டாம்’னு அவரு சொன்னது போதுமா?”